முந்நூறு பிராங்க்

விடிவதற்கு முன்பே
முப்பத்தொரு கிளிப்பையும் மாட்டி முடித்துவிடுவேன்.
ஆளுங்கட்சிப் பத்திரிகைக்கு நீலக் கிளிப்,
எதிர்க்கட்சிக்குப் பச்சை.
கடல்காற்று அடித்தால் இரண்டும்
ஒன்றின் கன்னத்தில் ஒன்று அறைந்துகொள்ளும்.
அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆறரைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.
அட்ஜாமே சந்தைக்குப் போகும் மினிபஸ்கள்
ஹாரனாலேயே வைதுகொண்டு வளைந்து போகும்.
இவர்கள் கையைப் பின்னால் கட்டி,
கழுத்தை மட்டும் நீட்டி,
தலைப்பு படிப்பார்கள்.
தலைப்பு மட்டும்.
மடிப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறதென்று
இந்தப் பதினோரு வருஷத்தில்
ஒரு விரல் புரட்டிப் பார்த்ததில்லை.

"நான் அன்றைக்கே சொன்னேன்"
என்றுதான் தொடங்குவார் சோக்கூ,
ஓய்வுபெற்ற சுங்கக் குமாஸ்தா.
அன்றைக்கு அவர் சொன்னது வேறு.
அன்றைக்கும் நான் இதே ஸ்டூலில்தான் இருந்தேன்.

பஞ்சர் ஒட்டும் தியெமோக்கோவுக்கு
சோக்கூ எதைச் சொன்னாலும் அது பொய்.
பாலத்துக்குச் சுங்கம் ஏன், அரிசி எந்தக் கப்பலில் நிற்கிறது,
அமைச்சரின் மைத்துனருக்கு எத்தனை லாரி,
எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு,
என்னிடம் கடன் சொன்ன சிகரெட் தவிர.

திங்கட்கிழமை என்றால் பந்து.
"இடது காலால் அடித்திருக்க வேண்டும் அந்தப் பெனால்டியை."
சொன்னவரின் இடது செருப்பு
கம்பி கட்டி நிற்கிறது.

எனக்கும் அபிப்பிராயங்கள் இருக்கின்றன.
அந்த கோல் ஆஃப்சைடுதான்.
மீன் பொரிக்கும் மாயியின் கடை டிவியில்
புகைக்கு நடுவே பார்த்தேன்,
லைன்ஸ்மேன் கொடி தூக்கியது சரி.
தேர்தலுக்கு முந்தைய மாதம் மட்டும்
எங்கள் தெருவிளக்கு எரிவதற்கு
மின்சாரத்தைக் காரணம் சொல்லக் கூடாது.
வெங்காய விலையை ஆண்கள் பேசக் கூடாது,
வாங்காதவனுக்கு அதில் பேச்சில்லை.
யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதை
என் புருஷனிடமும் சொன்னதில்லை.
இருவரும் ஒரே சின்னம் என்று
அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

முழுப் பத்திரிகை படிப்பவள் மாயி ஒருத்திதான்.
விற்காததைக் கிலோ கணக்கில் வாங்கிப் போய்
மீன் மடித்துக் கொடுக்கிறாள்.
எண்ணெய் ஊறுவதற்குள் படித்துவிடுவாள்.
ஒரு வாரம் தாமதம்,
ஆனால் எந்த வழக்கு எப்படி முடிந்ததென்று
இந்தத் தெருவில் அவளுக்குத்தான் தெரியும்.

போன வியாழக்கிழமை பத்திரிகையே வரவில்லை.
கயிற்றில் முப்பத்தொரு கிளிப்,
ஒன்றின் வாயிலும் ஒன்றுமில்லை.

வந்தார்கள். கையைப் பின்னால் கட்டினார்கள்.
கழுத்தை நீட்டினார்கள்.
சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் நேரம்
ஒரு சத்தமில்லை. பிறகு,
"நான் அன்றைக்கே சொன்னேன்" என்றார் சோக்கூ.

அரசாங்கம் அமுக்கிவிட்டது.
இல்லை, எதிர்க்கட்சி காகிதத்தைப் பதுக்கிவிட்டது.
இல்லை, வெளிநாட்டுக்காரன்.
தோற்ற பயிற்சியாளரின் பெயர்கூட
எப்படியோ உள்ளே வந்துவிட்டது.
ஒன்பது மணிக்குள் நாலு கோஷ்டி,
ஒரு சட்டைப் பொத்தான் சேதம்.

வேன் டிரைவர் ஞாங்னே
ஐந்து மணிக்கே போன் பண்ணியிருந்தான்.
லகூன் பாலத்தில் அச்சு முறிந்து நிற்கிறதாம்,
கட்டுக் கட்டாகச் செய்திகளை வைத்துக்கொண்டு
கரையில் ரொட்டி தின்கிறானாம்.

நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லையே.

அப்போதுதான் தியெமோக்கோ திரும்பினார்,
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக:
"அஃபுவே, நீ என்னம்மா நினைக்கிறாய்?"

எல்லாக் கழுத்தும் என் பக்கம் நீண்டன.

"முந்நூறு பிராங்க்" என்றேன்.

சிரித்தார்கள்.
தியெமோக்கோ பைக்குள் கையை விட்டார்,
கைக்குட்டையை எடுத்து
கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.